ஏரோப்பிளான் தரையில் இரும்பு முளை

ஏரோப்பிளானில் போயிருக்கிறீர்களா அப்பா என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் இல்லை என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். போனதில்லை, உண்மைதான். ஆனால் இறங்க வந்த ஏரோப்பிளான் ஒன்றை இறங்கவிடாமல் தடுத்திருக்கிறேன். அதைச் சொல்வதானால் என் தவற்றையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அதனால் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். இப்போது நீங்களும் வேலைக்குப் போகும் வயதுக்கு வந்துவிட்டீர்கள். எழுதிவிடுகிறேன்.

அறுபதுகளின் நடுவில் ஒரு வருடம், ஆடி மழைக்குப் பிறகு நிலக்கடலைக் காடுகளில் கம்பளிப்புழு இறங்கியது. ஒரு காட்டை மொட்டையடித்துவிட்டு அடுத்த காட்டுக்குக் கூட்டமாக நகரும். ராசிபுரம் ரோட்டில் பஸ் சக்கரம் வழுக்கும் அளவுக்குப் புழு. குழி வெட்டிப் பார்த்தார்கள், கையால் பொறுக்கி மண்ணெண்ணெயில் போட்டுப் பார்த்தார்கள். அடங்கவில்லை. மேலேயிருந்து மருந்து தெளிக்கச் சின்ன ஏரோப்பிளான் ஒன்று வரப்போகிறது, அது ஏறி இறங்கத் தரை வேண்டும் என்று உத்தரவு வந்தது.

நான் அப்போது ரோடு மேஸ்திரி. எட்டாவது வரை படித்தவன். புதுச்சத்திரத்துக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில் இருந்த மேய்ச்சல் நிலத்தில் என் கூட்டத்து ஆட்கள்தான் முள்ளை வெட்டி, சரளை மண் கொட்டி, ரோலர் ஓட்டி, மூன்று பர்லாங்கு நீளத்துக்குத் தரை போட்டோம். இரண்டு ஓரத்திலும் சுண்ணாம்பு அடித்த கற்கள். மேற்கு முனையில் ஒரு ஓலைக் கொட்டகை, பெட்ரோல் பீப்பாய்கள், மணல் வாளிகள், கம்பத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டும் துணிப் பை. வேலை முடிந்ததும் ஆட்களை ரோட்டுக்கு அனுப்பிவிட்டு, தரையைப் பார்த்துக்கொள்ள என்னை மட்டும் அங்கேயே நிறுத்திவிட்டார்கள். உங்கள் அம்மா அம்மாபேட்டை வீட்டில் இருந்தாள். மூத்தவள் அப்போது வயிற்றில்.

பைலட் சென்னைக்காரர். முப்பது வயதிருக்கும். ஒல்லியாக, வெறுங்காலில் கேன்வாஸ் ஷூ மாட்டியிருப்பார். வந்த முதல் நாளே என்னைக் கூட்டிக்கொண்டு தரை முழுவதும் நடந்தார். ஓரிடத்தில் நின்று ஒரு கல்லைக் காலால் தட்டினார்.

"மேஸ்திரி, இது எவ்வளவு பெரிசு?"

"எலுமிச்சங்காய் அளவுங்க."

"நான் இறங்குற வேகத்துக்கு இது பூசணிக்காய். பொறுக்கிப் போடு."

அன்றிலிருந்து தினமும் காலையில் தரையை மூன்று தடவை நடப்பேன். நடுவில் ஒரு தடவை, வலது ஓரம் ஒரு தடவை, இடது ஓரம் ஒரு தடவை. கல், ஆணி, எலி வளை, ஆட்டுக்காரர் போட்ட முள் என்று எது இருந்தாலும் எடுக்க வேண்டும், மூட வேண்டும். பிறகு நோட்டில் நேரத்தை எழுதி, 'முழுவதும் நடந்து பார்த்தேன், தரை சுத்தம்' என்று கையெழுத்துப் போட வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் பைலட் ஏறுவார். நீளமான இரண்டு வெள்ளைத் துணிகளும் என் பொறுப்பு. அவற்றைத் தரைக்குப் பக்கத்தில் ஒன்றின் தலையில் மற்றதைக் குறுக்காகப் போட்டால் எந்தத் திசையில் இறங்க வேண்டும் என்று மேலே தெரியும். தரையின் நடுவில் குறுக்கும் மறுக்குமாகப் போட்டால் இறங்காதே என்று அர்த்தம். அப்படிப் போட வேண்டிய நாள் வரவே கூடாது என்று பைலட் சொன்னார்.

பத்து நாள் நன்றாகப் போயிற்று. அப்போதுதான் தரைக்கு வடக்கே இருந்த நெசவுக்காரர் தெருவிலிருந்து ஒருவர் மனைவியோடு வந்தார். என் வயதுதான். இரண்டு முன்கையிலும் காய்ந்த கஞ்சி வெள்ளையாகப் படிந்திருந்தது.

"மேஸ்திரிங்க, ஒரு ஒத்தாசை கேக்கலாம்னு வந்தமுங்க."

"சொல்லுங்க."

"மழை பேஞ்சு எங்க தெரு சேறாக் கெடக்குதுங்க. பாவு கஞ்சி போட எடமில்லை. உங்க தரை காஞ்சு, நீட்டமா, நேரா இருக்குது. அந்தக் கெழக்கு முனையில வெள்ளெனப் போட்டு, ஏரோப்பிளான் கெளம்பறதுக்குள்ள சுருட்டிக்கறமுங்க."

அந்த வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தறியில் ஏற்றும் முன் நீள நூலையெல்லாம் இரண்டு முளைகளுக்கு நடுவில் விறைப்பாகக் கட்டி, இடையிடையே மூங்கில் கால் கொடுத்து, கஞ்சி தடவி, பிரஷ் போட்டுக் காய வைக்க வேண்டும். அதுதான் பாவு. நீளமான நேர் தரை வேண்டும், காற்று அடிக்காத விடியல் நேரம் வேண்டும். ஏரோப்பிளானுக்கும் அதே தரை, அதே நேரம் தேவைப்பட்டதுதான் சங்கடம். கஞ்சி போடாவிட்டால் தறி நிற்கும். தறி நின்றால் அந்தத் தெருவில் அடுப்பு நிற்கும்.

சேலத்திலிருந்து ஜீப்பில் வரும் மேலதிகாரியிடம் கேட்டேன். இஸ்திரி போட்ட காற்சட்டையும் தொப்பியுமாக இருப்பார்.

"கவர்மெண்ட் தரையில தறிக்காரனுக்கு என்னய்யா வேலை? காலை வெச்சா போலீஸ்ல குடுத்துடுவேன்னு சொல்லு."

நான் போய்ச் சொன்னேன். நெசவுக்காரரின் மனைவி என் முகத்தையே பார்த்தாள். அம்மாபேட்டையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவன் நான். பாவு போட முடியாத மழை நாட்களில் அந்த வீடுகள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். "நீங்க வரலை, நான் பாக்கலை" என்று சொல்லிவிட்டேன். அவர்களுக்கு நல்லது செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

என் தவறு அந்தப் பேச்சில்தான் இருந்தது. பார்க்கவில்லை என்று சொல்லிவிட்ட பிறகு எப்படிப் போய்ப் பார்ப்பது? காலையில் நடக்கும்போது கிழக்கு முனைக்கு ஐம்பது தப்படி இருக்கையிலேயே திரும்பிவிடுவேன். அவர்கள் அவசரமாகச் சுருட்டுவது கண்ணில் படும். தலையைக் குனிந்துகொள்வேன். கொட்டகைக்கு வந்து நோட்டில் 'முழுவதும் நடந்து பார்த்தேன்' என்று எழுதுவேன். முதல் நாள் கை கூசியது. நான்காவது நாள் கூசவில்லை.

பன்னிரண்டு நாள் இப்படி ஓடியது. பதின்மூன்றாம் நாள் மேலதிகாரியின் ஜீப் வழக்கத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. தூரத்தில் புழுதியைப் பார்த்ததுமே பாவுக்காரர்கள் சுருட்டிக்கொண்டு ஓடுவதை நான் கண்டேன். மேலதிகாரி நோட்டைக் கேட்டார், கொடுத்தேன். பைலட்டும் பார்த்தார், ஏறினார். காற்றே இல்லாத நேரம். கொட்டகைப் பக்கத்திலிருந்து கிழக்கு நோக்கி ஓடி, பாதித் தரையிலேயே எழும்பிப் போய்விட்டார். ஒரு நடைக்குக் கால் மணி நேரம், சில நாள் இருபது நிமிஷம். மருந்து தீர்ந்ததும் திரும்பி வந்து ரொப்பிக்கொள்வார்.

மேலதிகாரி பீப்பாய் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அப்போது அந்த நெசவுக்காரர் கொட்டகைக்குப் பின்பக்கமாக வந்து நின்றார். மூச்சு இரைத்தது.

"மேஸ்திரிங்க, கொஞ்சம் இப்படி வாங்க."

"என்னாச்சு?"

"முளை நின்னுபோச்சுங்க. மரமுளை ஒடைஞ்சிருச்சுன்னு வண்டி அச்சுத் துண்டு ஒண்ணை அடிச்சுக் கட்டினனுங்க. புடுங்கப் புடுங்க வரலை. ஜீப்பு வந்துருச்சு, உட்டுட்டு ஓடிட்டோம்."

"எவ்வளவு ஒசரம் நிக்குது?"

கையை விரித்து ஒரு சாண் காட்டினார். "ஊட்டுக்குப் போயி பாவை எறக்கி வெச்சனுங்க. ஏரோப்பிளான் ஏறுற சத்தம் கேட்டுது. அப்பறம் ஒக்காரவே முடியலைங்க. அவ ஊட்டுலிருந்து கடப்பாறையத் தூக்கிட்டு அங்க ஓடிட்டா. நீங்க போயிச் சொல்லுங்கன்னு என்னெ இங்க தொரத்திட்டா."

தலையைத் தூக்கிக் கம்பத்தைப் பார்த்தேன். துணிப் பை மேற்குக் காற்றில் உப்பியிருந்தது. காற்று வந்துவிட்டால் காற்றுக்கு எதிராகத்தான் இறங்க வேண்டும். அப்படியானால் பைலட் கிழக்கிலிருந்து வருவார். சக்கரம் முதலில் தொடுவது முளை நிற்கும் அதே இடம்.

மேலதிகாரிக்குத் தெரியாமல் நாங்களும் ஓடிப்போய் மூன்று பேருமாகப் பிடுங்கிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. மறைக்காமல் எழுதுகிறேன், தோன்றியது. வேலை போய்விட்டால் உங்கள் அம்மாவை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்றும் தோன்றியது. இரண்டு மூச்சு விடும் நேரம் அப்படியே நின்றிருப்பேன். ரோலர் போட்டு இறுக்கிய தரையில் அடித்த இரும்பு சுலபத்தில் வராது என்று எனக்குத்தான் தெரியும், இறுக்கியவனே நான்தானே. தோண்டும்போதே பிளேன் வந்துவிட்டால்?

மேலதிகாரியிடம் போய் நின்றேன்.

"சார், கிழக்கு முனையில இரும்பு முளை ஒண்ணு நிக்குது. தினமும் அங்க பாவு போட்டாங்க, நான்தான் விட்டேன். இன்னிக்கு அங்க நடந்து பாக்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன்."

டீ கிளாஸ் அப்படியே நின்றது. "யோவ்! என்னய்யா சொல்றே? உன்னை..."

"அப்பறம் திட்டுங்க சார். இப்ப துணியைப் புடிங்க."

நான் அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவரும் என்ன நினைத்தாரோ, எழுந்து ஓடி வந்தார். திசை காட்டப் போட்டிருந்த துணிகளை உருவிக்கொண்டு மூன்று பேரும் தரையின் நடுவுக்கு ஓடினோம். குறுக்கும் மறுக்குமாக விரித்தால் காற்றில் துணி எழும்புகிறது. ஒரு முனைக்கு மட்டும் சுண்ணாம்புக் கல் ஒன்றை உருட்டி வைத்தேன். மற்ற மூன்று முனையும் படபடவென்று அடித்துக்கொள்கிறது. தெற்கே இரைச்சல் கேட்க ஆரம்பித்துவிட்டது.

நெசவுக்காரர் ஒரு முனையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். "நின்னுட்டு இழுத்தா மடங்குமுங்க, கீழ இருந்து தெரியும், மேல இருந்து தெரியாது. ஒக்காருங்க சார், ஒக்காருங்க!"

இஸ்திரி போட்ட காற்சட்டையோடு மேலதிகாரி சரளை மண்ணில் உட்கார்ந்தார். இன்னொரு முனையில் நான். பிளேன் கிழக்கே திரும்பித் தாழ்ந்து, எங்களை நேராகப் பார்த்து வந்தது. கிழக்கு முனையில் குனிந்து தோண்டிக்கொண்டிருந்த நெசவுக்காரர் மனைவி தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டாள். சக்கரங்கள் பனை உயரம், தென்னை உயரம், அதற்கும் கீழே. எனக்கு ஜெபம் கூட வாயில் வரவில்லை. திடீரென்று எஞ்சின் சத்தம் மாறியது. மூக்கைத் தூக்கிக்கொண்டு எங்கள் தலைக்கு மேல் மருந்து நாற்றத்தோடு போயிற்று. மேலதிகாரியின் தொப்பி உருண்டு கடலைக் காட்டுக்குள் போய்விட்டது. அவர் அதைத் தேடவில்லை. துணியின் முனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"போங்கய்யா, போயி அதைப் புடுங்குங்க! துணியை நான் பாத்துக்கறேன்."

நானும் நெசவுக்காரரும் ஓடினோம். கொட்டகையிலிருந்து வரும்போதே அவர் அங்கிருந்த கடப்பாறையையும் தூக்கி வந்திருந்தார். அதற்குள் அந்த அம்மாள் முளையைச் சுற்றி முழங்கை ஆழம் தோண்டியிருந்தாள். இருந்தும் அது அசைய மறுத்தது. பிளேன் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டே இருந்தது. நான்காவது சுற்றில் முளை ஆடியது. ஐந்தாவது சுற்றில் வந்தது. குழியில் சரளையை அள்ளிக் கொட்டி மூவரும் மிதி மிதி என்று மிதித்தோம்.

"ஏனுங்க மேஸ்திரி, வேதக்காரரு நீங்க. சிலுவை போடறதுக்கு எங்க ஊட்டுக்காரரு வந்து சொல்லித் தரோணுமா?" என்றாள் அந்த அம்மாள். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

மேலதிகாரி தனி ஆளாகத் துணிகளை மாற்றிப் போட்டுவிட்டார். கோணலாகத்தான் போட்டிருந்தார். பிளேன் இறங்கியது.

பைலட் இறங்கி வந்து முளையைக் கையில் வாங்கினார். என் கை நீளம் இருந்தது. அதைப் பார்த்தார், தன் சக்கரத்தைப் பார்த்தார், பீப்பாய் மேல் உட்கார்ந்தார்.

"இவன்தான் சார் அடிச்சவன்" என்றார் மேலதிகாரி. "போலீசுக்குச் சொல்லி அனுப்பறேன். மேஸ்திரியும் உடந்தை."

"யார் வந்து சொன்னது?"

"அவனேதான் வந்து சொன்னான்."

"அவரைப் போலீஸ்ல குடுத்துட்டா, நாளைக்கு இங்க ஒரு குழி இருந்தா எனக்கு யார் சார் வந்து சொல்லுவாங்க?"

"அதுக்காக விட்டுட முடியுங்களா? சட்டம்னு ஒண்ணு..."

"சார், நீங்க ஜீப்புல வர்றீங்க. இதுல இறங்குறவன் நான்."

மேலதிகாரி தலையைத் தடவிக்கொண்டார். பைலட் என் பக்கம் திரும்பினார். அந்தக் கண்ணில் கோபம் இருந்தது; இருக்க வேண்டியதுதான்.

"முழுக்க நடந்தேன்னு எழுதியிருக்கே. நடந்தியா?"

"இல்லைங்க."

"எத்தனை நாளா?"

"இன்னியோட பதிமூணு நாளுங்க. பாத்தா தடுக்கணும். தடுக்க மனசு வரலை. அதான் பாக்காமலே இருந்துட்டேன்."

பைலட் நோட்டை என் கையில் கொடுத்தார். "மனசு வரலைன்னா என்கிட்ட வந்து சொல்லு. பாவு போட்டா பாவு போட்டாங்கன்னு எழுது. இருக்குறதை எழுதினா நான் அதுக்குத் தகுந்த மாதிரி இறங்கிக்குவேன். இல்லாததை எழுதினா நான் என்ன செய்ய முடியும்?"

எனக்கு எச்சரிக்கை மெமோ வந்தது. வாங்கிக்கொண்டேன், அதில் தவறு ஒன்றுமில்லை. போலீஸ் வரவில்லை. மூன்றாம் நாள் ரோலர் வந்தது. சுண்ணாம்புக் கல் வரிசைக்கு அப்பால், வடக்குப் பக்கம் ஒதுக்கமாக, பாவு போட ஒரு நீளத் தரை இழுத்துக் கொடுத்தோம். அனுப்பி வைத்தவர் மேலதிகாரிதான். தரை ஓரத்தை மழைத் தண்ணீர் அரிக்காமல் இருக்க இது தேவை என்று காகிதத்தில் காரணம் எழுதியிருந்தார். அதன் இரண்டு முனையிலும் மரமுளைகளை நட்டு நிரந்தரமாகவே விட்டுவிட்டோம். தினமும் அடிக்கவும் பிடுங்கவும் வேண்டியதில்லாமல் போயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. விடியலில் பாவுக்கு வரும் ஏழெட்டுப் பேர், நான் நடப்பதைப் பார்த்துவிட்டு, "தனியா எதுக்குங்க நடக்கறீங்க?" என்று என்னோடு வரிசையாக நடக்க ஆரம்பித்தார்கள். கைக்கெட்டும் தூரத்துக்கு ஒருவராக, குனிந்த தலையோடு ஒரே நடை. மூன்று தடவை நடந்தும் என் கண்ணில் படாத ஊசி முனை அளவு ஆணியெல்லாம் அவர்களுக்குத் தெரிந்தது.

"எப்படிங்க?" என்று கேட்டேன்.

"ஆயிரம் இழையில ஒரு இழை அறுந்தா எங்க கண்ணு அங்க தானா நிக்குமுங்க" என்றார் நெசவுக்காரர்.

நாலைந்து நாள் கழித்து ஒரு காலை, அவர் மனைவி தரையின் நடுவில் நின்று, குனிந்து எதையோ எடுத்தாள். கட்டைவிரல் கணு அளவு போல்ட்டு, வாஷரோடு. எண்ணெய் பளபளத்தது.

"இது நம்ம வண்டி சாமான் இல்லைங்க" என்று என்னிடம் கொடுத்தாள்.

பைலட்டிடம் காட்டினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, விறுவிறுவென்று போய்ப் பிளேனின் இறக்கைக்கு அடியில் படுத்தார். மருந்து தெளிக்கும் குழாயைத் தாங்கும் பிடி ஒன்றில் ஓட்டை காலியாக இருந்தது. பக்கத்தில் இருந்ததும் லொடலொடவென்று ஆடியது. எழுந்து வந்தார். அன்றைக்கு மேலதிகாரியும் இருந்தார், பாவுக்காரர்களும் இருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் சொல்லாமல் அவர் அதை மாட்டிக்கொண்டிருக்கலாம். பிளேனைப் பற்றி அவரைக் கேள்வி கேட்கத் தெரிந்த ஆள் அங்கே கிடையாது.

"எல்லாரும் கேளுங்க" என்றார். "இது என் தப்பு. முந்தாநாள் சாயங்காலம் இதை முறுக்க வேண்டியது நான். வெளிச்சம் போயிருச்சுன்னு பாதியில விட்டேன். விட்டதை மறந்துட்டு, பாத்தாச்சுன்னு எழுதியும் வெச்சேன். நேத்து அதோடவே பறந்திருக்கேன்."

மேலதிகாரி தொண்டையைச் செருமினார். "நான் இதை மேலே எழுதணுமா சார்?"

"எழுதுங்க சார். என் பேரைப் போட்டே எழுதுங்க."

"எங்க ஊட்டுக்காரருக்கு ஒரு கூட்டாளி கெடைச்சுட்டாரு" என்று அந்த அம்மாள் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். பைலட்தான் அதிகம் சிரித்தார்.

அன்று பிளேன் முக்கால் மணி நேரம் தாமதமாக ஏறியது. அதுவரை பைலட் ஸ்பேனரோடு இறக்கைக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். பாவுக்குக் கஞ்சி கரைத்த கையோடு அந்த அம்மாள் பக்கத்தில் குந்தி, ஒவ்வொரு போல்ட்டையும் விரலால் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அஞ்சுங்க. ஆறு. இதெ இன்னொருக்கா முறுக்குங்க சாமி, ஆடுது."

அவர் முறுக்கினார்.